யாதவகிரியில் ஒரு கிரயம்

திருச்சிராப்பள்ளியின் வெயிலில் ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்துவிட்டு, கல்லூரி உத்தியோகத்திலிருந்து ஓய்வும் பெற்றுவிட்ட ஒருவன், எஞ்சிய காலத்தையாவது மின்விசிறியின் தயவை எந்நேரமும் நாடவேண்டாத ஓர் ஊரில் கழிக்கலாமென்று ஆசைப்பட்டால், அதைப் பேராசை என்று யாரும் சொல்லமாட்டார்கள். மைசூர் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 770 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சித்திரை மாதத்திலும் விடியற்காலையில் ஒரு மெல்லிய போர்வையைத் தேடவைக்கிறது. என் மனைவியின் தமக்கை கல்யாணமாகிப் போன நாள்முதல் அவ்வூர்ச் சரஸ்வதிபுரத்தில் குடியிருக்கிறார். மாலையில் ஏறிப் படுத்தால் மறுநாள் விடியுமுன் திருச்சியில் இறக்கிவிடும் மயிலாடுதுறை எக்ஸ்பிரஸும் அப்போது இருந்தது. இந்த அனுகூலங்களையெல்லாம் உத்தேசித்து, 2019ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திருச்சி வீட்டை விற்று, அந்தப் பணத்தில் மைசூரில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் வீடு வாங்குவதென்று நானும் என் மனைவியும் தீர்மானித்தோம். விற்ற லாபத்துக்கு வரி கட்டாமலிருக்க வேண்டுமானால் இரண்டு ஆண்டுகளுக்குள் வேறு வீடு வாங்கிவிடவேண்டுமென்று வருமானவரிச் சட்டம் வேறு கெடு வைத்திருந்தது.

தீர்மானத்தைக் கேட்ட என் சகலைக்கு அது சற்றும் ரசிக்கவில்லை. மைசூர் மனைகளின் ஊர். அங்கே ஒருவர் இன்னொருவருடைய சொத்து விவரத்தை விசாரிப்பதென்றால் முப்பதுக்கு நாற்பதா, நாற்பதுக்கு அறுபதா, ஐம்பதுக்கு எண்பதா என்று மனையின் அளவைத்தான் கேட்பாரே தவிர, எத்தனை அறை என்று கேட்கமாட்டார். "சைட் வாங்கிக் கட்டறதை விட்டுட்டு, அந்தரத்துல கொண்டுபோய் யாராவது பணத்தைப் போடுவாங்களா?" என்றார் அவர். "இந்த வயசுல கொத்தனார் பின்னாடி அலைய என்னால ஆகாது, அண்ணா" என்றேன் நான். அவர் பெருமூச்சு விட்டுத் தம்முடைய ஸ்கூட்டர் சாவியை எடுத்தார். ஆட்சேபித்துக்கொண்டே கூடவந்து உதவும் உறவினரைப் போன்ற பாக்கியம் வேறில்லை. எங்களுடைய தேடலின் எல்லாக் கட்டங்களிலும் அவர் உடனிருந்தார், கடைசிவரை ஆட்சேபித்துக்கொண்டும் இருந்தார்.

வீடு வாங்கப் புறப்படுகிறவனுக்கு எல்லாரும் சொல்லும் உபதேசம் ஒன்று உண்டு: விலை, வீட்டின் நிலைமை, அது இருக்கும் இடம் ஆகிய மூன்றையும் சீர்தூக்கிப் பார் என்பது. சொல்லும்போது மூன்றும் தனித்தனியே நிற்பதுபோல் தோன்றினாலும், உண்மையில் விலை என்பது மற்ற இரண்டையும் தன்னுள் விழுங்கிக்கொண்டு நிற்பது. விற்பவர், இடத்தின் பெருமையை ஒரு காசு விடாமல் விலையில் ஏற்றியிருப்பார். கட்டடத்தின் கோளாறுகளை மட்டும் கழிக்க மறந்திருப்பார். ஆகவே, விலையில் ஏற்கெனவே கணக்கிடப்பட்டுவிட்டது எது, இன்னும் கணக்கில் வராமல் ஒளிந்திருப்பது எது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவனுடைய வேலையாகிறது. இந்த அபிப்பிராயம் எனக்கு முதல்நாளே உதிக்கவில்லை; பல மாடிகளில் ஏறி இறங்கியபின் மெள்ள மெள்ள உருவாயிற்று.

சதுர அடிக் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். வாசற்படி, மாடிப்படி, லிஃப்ட் முதலியவற்றில் நமக்குள்ள பங்கையும் சேர்த்து சூப்பர் பில்ட்-அப் என்றொரு அளவைச் சொல்லி, அதன்மேல் விலை பேசுவது நெடுநாளைய வழக்கம். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், சுவர்களுக்கு உள்ளே நாம் காலூன்றக்கூடிய கார்ப்பெட் பரப்பைச் சொல்லித்தான் விற்கவேண்டுமென்று விதித்திருந்தும், பழைய கட்டடங்களைக் கைமாற்றுகிறவர்கள் வாயில் பழைய அளவே வந்தது. 1,250 சதுர அடி என்று சொல்லப்பட்ட வீட்டை என் சகலை நாடாவால் அளந்தபோது, 900க்குச் சற்று மேலே நாடா நின்றுவிட்டது. இதற்கும் மேலே, அடியிலுள்ள நிலத்தில் நமக்குச் சேரும் பிரிபடாத பாகம் எவ்வளவு என்பதைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்திலிருந்து தேடி எடுக்கவேண்டியிருந்தது. கட்டடம் ஒருநாள் இடிந்தால் மிஞ்சுவது அதுதான். பதிவுச் செலவு ஒன்றில் மட்டும் எனக்கு ஆறுதல் கிடைத்தது. அந்நாளில் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 7 சதவீதமும் பதிவுக் கட்டணம் 4 சதவீதமுமாக 11 சதவீதம் கட்டவேண்டியிருக்க, கர்நாடகத்தில் 5 சதவீதத் தீர்வையும் அதன்மேல் சிறு உபரி வரிகளும் 1 சதவீதக் கட்டணமுமாக ஏழுக்குள் முடிந்துவிட்டது.

முதலில் எங்கள் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது, ஊரைச் சுற்றிவரும் ரிங் ரோட்டுக்கு அப்பால், போகாதிப் பக்கத்தில் புதிதாக எழுந்திருந்த ஒரு கட்டடம். விலையோ 40 லட்சத்துக்குள். சுவரில் ஒரு கீறல் இல்லை. குழாய்கள் வெள்ளிபோல் மின்னின. பால்கனியில் நின்றால் சாமுண்டி மலை தெரியும் என்று சொல்லி, தரகர் எங்களை அங்கே கொண்டுபோய் நிறுத்த, மலையும் தெரிந்தது. என் மனைவி மலையைப் பார்க்கவில்லை. கீழே சம்ப்புக்குள் ரப்பர்க் குழாயை விட்டு நின்றிருந்த டேங்கர் லாரியைப் பார்த்தாள்.

"தண்ணி லாரி எதுக்குங்க?"

"அது இப்போதைக்குத்தான், அம்மா. காவேரி லைன் வந்துட்டே இருக்கு."

"எப்போ வரும்?"

"வந்துடும், அம்மா."

அந்த 'வந்துட்டே இருக்கு' என்ற சொல் எத்தனை ஆண்டுகளாக அங்கே வழங்கிவருகிறது என்று பக்கத்துப் பெட்டிக்கடைக்காரரைக் கேட்டதில், தாம் கடை வைத்த நாள்முதல் கேட்டுவருவதாக அவர் சொன்னார். கிராமப் பஞ்சாயத்தின் எல்லைக்குள் இருந்த பயிர்நிலம் அது; டெபுடி கமிஷனரிடம் டி.சி. கன்வர்ஷன் வாங்கி மனையாக மாற்றப்பட்டிருந்தது, பத்திரங்களில் குற்றமில்லை. ஆனால், மாதந்தோறும் எல்லா வீடுகளும் பங்கிட்டுக் கொடுக்கும் லாரித் தண்ணீரின் கிரயத்தையும், மருந்துக் கடைக்குப் போகவும் ஆட்டோவை அழைக்கவேண்டிய செலவையும் காகிதத்தில் எழுதிக் கூட்டிப்பார்த்தபோது, அந்த வீட்டின் மலிவு பாதிக்குமேல் கரைந்துபோயிற்று. வெளியூர்ப் பிள்ளைகளுக்கு அது நல்ல முதலீடாக இருக்கலாம். முழங்கால் வலியுள்ளவர்கள் பத்து ஆண்டுகள் காத்திருந்து அனுபவிக்கவேண்டிய சௌகரியத்துக்கு இன்றே பணம் கொடுப்பது எனக்கு உசிதமாகப் படவில்லை.

அன்று திரும்பும் வழியில் சகலை எங்களை வேண்டுமென்றே பழைய வீதிகள் வழியாக அழைத்துவந்தார். அவருக்கு ஊர்ச் சரித்திரத்தில் அபிமானம் அதிகம். நெடுநாள் அங்கே வாழ்ந்த தமிழர் பலருக்கும் அந்த அபிமானம் உண்டு. 1896இல் பம்பாயில் தோன்றிய பிளேக், 1898இல் மைசூர் சமஸ்தானத்தையும் பற்றிக்கொண்டது. நெருக்கமான சந்துகளும் சாக்கடைகளும்தாம் நோய்க்கு இருப்பிடம் என்று அக்காலத்து அதிகாரிகள் கருதியதால், பம்பாயில் 1898இலும் மைசூரில் 1903இலும் நகர அபிவிருத்திக்கென்றே டிரஸ்ட் போர்டுகள் ஏற்பட்டன. எலி வசிக்கும் சந்தை இடித்துக் காற்று வசிக்கும் வீதியை உண்டாக்குவது அவற்றின் நோக்கம். மைசூரின் பழைய விஸ்தரிப்புகளில் வீடுகளின் முதுகுப்புறமாக ஓடும் கன்சர்வென்சி சந்துகளும், இரண்டு வண்டிகள் தாராளமாக விலகும் வீதிகளும், மூலைக்கு மூலை ஒதுக்கிய பூங்காக்களும் அந்தப் பயத்தின் சந்ததிகளே. காவிரி நீரை ஏற்றிக் கொண்டுவந்த வாணி விலாச நீர்நிலையத்தின் பெயரும், நான்காம் கிருஷ்ணராஜ உடையார் பாலகராக இருந்தபோது ராஜ்யத்தை நிர்வகித்த தாயாரையே குறிக்கிறது.

பின்னர் 1988இல் அந்தப் போர்டின் ஸ்தானத்தில் 'மூடா' என்று சுருக்கமாக வழங்கிய நகர அபிவிருத்தி ஆணையம் வந்தது; அதற்கும் வெளியே தனியார் போட்ட லேஅவுட்டுகள் வந்தன. ஒரு வீதி எந்தக் காலத்தில், யார் கையால் வகுக்கப்பட்டது என்று தெரிந்தால், அங்கே தண்ணீர் வருமா, மழைநீர் எங்கே வடியும், காத்தாவை நம் பெயருக்கு மாற்ற எத்தனை முறை அலையவேண்டும் என்பதையெல்லாம் அநேகமாக ஊகித்துவிடலாம். (காத்தா என்பது வீட்டு வரிக்காக நகரசபை வைத்திருக்கும் கணக்கு, நம் ஊரில் பட்டாவுக்கு எவ்வளவு மதிப்போ, அங்கே காத்தாவுக்கு அவ்வளவு.) இடத்துக்காக நாம் கொடுக்கும் விலை, மண்ணுக்கல்ல, நூறு ஆண்டுகளுக்குமுன் யாரோ நாடாவும் கையுமாக நின்று செய்த யோசனைக்கே என்பதை அந்த ஸ்கூட்டர்ப் பிரயாணத்தில்தான் நான் உணர்ந்தேன்.

கோகுலத்தில் பார்த்த வீட்டைப்பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. பட்டாபி ஜோயிஸ் லட்சுமிபுரத்திலிருந்த தம் யோகசாலையை 2002இல் கோகுலத்துக்கு மாற்றியபின், அஷ்டாங்க யோகம் பயிலவரும் வெளிநாட்டார் அங்கே மாதக்கணக்கில் அறையெடுத்துத் தங்கலாயினர்; அவர் 2009இல் காலமான பின்னும் அந்த வரவு நிற்கவில்லை. வாடகை உயர, விற்பனை விலையும் உயர்ந்தது. குடியிருக்க வருகிற நாங்கள், வாடகைக்கு விட வருகிறவர்களோடு போட்டியிட்டு, எங்களுக்கு ஒருபோதும் வரப்போகாத வருமானத்தின் மதிப்பையும் சேர்த்துக் கொடுக்கவேண்டியிருந்தது. நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

யாதவகிரி வீடு கடைசியில் வந்தது. ரயில் நிலையத்துக்கு நடக்கும் தூரம், மேட்டு நிலம், ஹாசன் பக்கம் போகும் ரயில்களின் ஓசை இரவில் கேட்கும், கேட்டால் எனக்குத் தூக்கம் நன்றாக வரும். மூன்று மாடிக் கட்டடத்தில் இரண்டாம் மாடி. கட்டி ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன. சொந்தக்காரர் அமெரிக்காவில், அவர் தம்பி 'பவர்' வைத்திருந்தார். கேட்ட விலை 60 லட்சம். உள்ளே நுழைந்தவுடன் புதுச் சுண்ணமும் பெயிண்டும் கலந்த வாசனை எங்களை வரவேற்றது. விற்பனைக்கு வந்த பழைய வீட்டில் அந்த வாசனை இருந்தால் மூக்கைவிடக் கண்ணுக்கு அதிக வேலை என்று, பொதுப்பணித்துறையிலிருந்து ஓய்வு பெற்ற, சகலையின் பக்கத்து வீட்டு இன்ஜினீயர் சொல்லியிருந்தார். அவரையே அழைத்துக்கொண்டு மறுபடி போனோம்.

அவர் சட்டைப் பையில் ஒரு சிறு சுத்தியல் வைத்திருந்தார். தரை ஓடுகளைச் சாவிக்கொத்தால் ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடந்து, வெற்றொலி கேட்ட இடங்களில் சுண்ணாம்புக்கட்டியால் ஒரு புள்ளி வைத்தார். பால்கனிக்குப் போனதும் சுத்தியலை எடுத்து மேல்தளத்தின் அடிப்புறத்தை மெல்லத் தட்ட, உள்ளங்கையளவு காரை கழன்று அவர் தோளின்மேல் விழுந்தது. உள்ளே தெரிந்த கம்பி செம்மண் நிறத்தில் இருந்தது. "இரும்பு துருப்பிடிச்சா பருத்துக்கும், சார். பருத்தா சும்மா இருக்காது, மேல இருக்கிற காங்கிரீட்டைத் தள்ளிவிட்டுடும்" என்றார். மேலே நின்ற மழைநீர் ஓடுகளின் இடுக்கு வழியாக இறங்கிக் கம்பியைத் தொட்டிருக்கிறது. தூண்களிலும் உத்தரங்களிலும் அந்த நோய் இல்லை. பால்கனியளவில் காரையைச் செதுக்கி, கம்பியைச் சுரண்டித் துடைத்து, மருந்து பூசி, பாலிமர் கலவையால் மூடிவிடலாம் என்பது அவர் தீர்ப்பு. குளியலறைக் கூரையை அவர் நெடுநேரம் அண்ணாந்து பார்த்தும் ஒன்றும் சொல்லவில்லை. அது உலர்ந்து, வெளுத்து, குற்றமற்றிருந்தது.

குற்றத்தைக் கண்டுபிடித்தவள் என் மனைவி. அதுவும் வீட்டுக்குள் அல்ல, கீழே காவற்காரருடைய சம்சாரத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது. கொள்ளேகால் பக்கத்துப் பெண். அவள் தமிழில் கன்னடமும் கன்னடத்தில் தமிழும் கலந்திருந்தன. காவேரி நீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வரும், போர் நீர் குளிக்கக் கொள்ளத்தான், சமையலுக்கு ஆகாது என்றெல்லாம் சொல்லிவந்தவள், பேச்சோடு பேச்சாக, "மேல் மனெக்காரங்க காலி பண்ணினப்புறம் ஒழுகறது நின்னுபோச்சு, அம்மா" என்றாள். மேல்வீடு மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்தது! குளிப்பார் இல்லாததால் ஒழுகவில்லை. ஒழுகாத காலம் பார்த்துப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். இன்ஜினீயர் இதைக் கேட்டுச் சிறு குழந்தைபோல் மகிழ்ந்தார். தம்பியின் முகச்சுளிப்பைப் பொருட்படுத்தாமல் மேல்வீட்டுச் சாவியை வரவழைத்து, அங்கே குளியலறை வடிகாலைத் துணியால் அடைத்து, இரண்டங்குல ஆழத்துக்கு நீரைக் கட்டிவைத்தோம். மறுநாள் காலையில் எங்கள் புதுப் பெயிண்டில், கூரையின் மூலையிலிருந்து சுவரின் பாதிவரை, தேநீர் நிறத்தில் ஓதம் இறங்கியிருந்தது. சங்கன் ஸ்லாபை முழுவதும் பெயர்த்து மறுபடி பூசினாலொழிய அது தீராது. அந்த வேலையைச் செய்யவேண்டியவரோ மேல்வீட்டுச் சொந்தக்காரர்.

இந்த இடத்தில் விவேகானந்தா ரோட்டிலுள்ள ஒரு வீட்டைப்பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பேரம் நடந்த வாரங்களில் மாலைநேரங்களில் நான் அதைத் தாண்டித்தான் உலாவப் போவேன். 1906இல் சென்னையில் பிறந்து, மைசூரையே தம் ஊராக்கிக்கொண்ட ஆர்.கே. நாராயண், 1950களில் யாதவகிரியில் கட்டிக் குடியிருந்த வீடு அது. மாடியில் எட்டு ஜன்னல்களோடு ஓர் எழுத்தறை வைத்து, சாமுண்டி மலையும் ரயில் பாதையும் தெரியும்படி கட்டினார். அவர் 2001இல் காலமானார். பத்து ஆண்டுகள் கழித்து அந்த மனை கைமாறி, அடுக்ககம் கட்டுவதற்காக வீட்டை இடிக்கவும் தொடங்கிவிட்டார்கள். ஊரார் கூக்குரலிட்டபின் இடிப்பு நின்று, மாநகராட்சி அதை வாங்கிச் சீர்செய்து 2016இல் நினைவகமாகத் திறந்தது. எட்டு ஜன்னலுக்கு இலக்கிய உலகம் கொடுத்த மதிப்பு ஒன்று. அடியிலிருந்த மனைக்குச் சந்தை கொடுத்த மதிப்பு ஒன்று. அந்தச் சந்தையில்தான் நானும் அப்போது வாடிக்கைக்காரனாக நின்றுகொண்டிருந்தேன் என்பதால், யாரையும் குறைசொல்ல எனக்கு வாயில்லை.

பேரத்துக்கு இன்ஜினீயர் எழுதிக்கொடுத்த மதிப்பீட்டை எடுத்துக்கொண்டு போனேன். பால்கனிக் கம்பி, வெற்றொலி ஓடுகள், உப்புப் படிந்து அடைத்துக்கொண்ட குழாய்கள், மேல்வீட்டார் வேலையைச் செய்யும்வரை நாங்கள் சகிக்கவேண்டிய ஓதம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தொகை. தம்பி நல்ல மனிதர். ஆனால் ஒவ்வொரு வரிக்கும், "இடம் யாதவகிரி, ஸார்" என்று ஒரே பதிலைச் சொன்னார். யாதவகிரியின் மதிப்பு 60 லட்சத்தில் ஏற்கெனவே அடங்கிவிட்டதென்றும், அடங்காமல் நிற்பது கூரைதான் என்றும் நான் சொன்னேன். கூரையைப் படமெடுத்து அண்ணனுக்கு அனுப்பியதும், அமெரிக்காவிலிருந்து இரவோடிரவாக 55 லட்சத்துக்குச் சம்மதம் வந்தது.

அதன்பின் காகிதங்களின் காலம். வெளிநாட்டில் எழுதிய பவர் பத்திரத்தில் இந்தியத் தூதரகத்தின் முத்திரை இருக்கிறதா, இங்கே வந்த மூன்று மாதத்துக்குள் முறைப்படி முத்திரைத் தீர்வை கட்டியிருக்கிறதா என்று வக்கீல் பார்த்தார். தாய்ப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் பார்த்தார். 1972ஆம் ஆண்டின் கர்நாடக அடுக்கக உரிமைச் சட்டப்படி எழுதவேண்டிய பிரகடனப் பத்திரத்தைக் கேட்டு, அதிருஷ்டவசமாக அது இருக்கவும் கண்டார். உள்ளூர்க்காரரிடம் 50 லட்சத்துக்குக் குறையாத சொத்தை வாங்கினால் 1 சதவீதம் வரி பிடித்துக் கட்டினால் போதும். விற்பவர் வெளிநாட்டுவாசியானால் அந்நாளில் பிடித்தம் 20 சதவீதத்துக்குக் குறையாமலிருந்தது. இதைக் கேட்டுத் தம்பி திடுக்கிட்டு, குறைந்த பிடித்தத்துக்கு வருமானவரி அலுவலகத்தில் சான்று வாங்கிவர, அதற்குள் ஒரு மழைக்காலமே போய்விட்டது. எனக்கு அதில் நஷ்டமில்லை. மழைக்காலம் முழுவதும் வேறு எந்தச் சுவரும் நனையவில்லை என்பதைச் செலவில்லாமல் தெரிந்துகொண்டேன். பதிவு அலுவலகத்தில் கணினி முறைக்குக் காவேரி என்று பெயர் வைத்திருப்பதைக் கண்டு, திருச்சிக்காரனாகிய நான் மட்டும் சற்றே சந்தோஷப்பட்டேன்.

குடிபுகுந்து சில வாரங்களுக்குப்பின் மேல்வீட்டுச் சொந்தக்காரர் ஹாசனிலிருந்து வந்தார். லிஃப்ட் வாசலிலேயே, எவ்வளவுக்கு முடித்தீர்கள் என்று கேட்டார், சொன்னேன். அவர் முகம் வாடிப்போயிற்று.

"இன்னும் ரெண்டு லட்சம் சேர்த்துக் கொடுத்திருக்கக் கூடாதா, ஸார்? நான் அடுத்த வருஷம் விக்கலாம்னு இருக்கேன். கேக்க வர்றவங்க எல்லாம் உங்க விலையைத்தானே சொல்லுவாங்க?"

அவருடைய குளியலறையினால்தான் அந்த விலை இறங்கிற்று என்பதை இயன்றவரை மரியாதையாக எடுத்துச்சொல்லி, இன்ஜினீயரின் மதிப்பீட்டில் ஒரு பிரதியையும் கொடுத்தேன். அவர் அதைப் பிரிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கார் நிறுத்துமிடம் மூடியதா திறந்ததா, அதற்குத் தனியாக எவ்வளவு போட்டோம் என்று விசாரிக்க ஆரம்பித்தார்.